அட்டவணை கே: ஒரு பவுண்டு துணிக்கு நாலு பவுண்டு ரோமம்

அமெரிக்கா, வரி என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னால், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது ஒரு ராத்திரிக் கூத்து. அதைவிட நீண்ட காலம், அதாவது நூறு வருடங்களுக்கும் மேலாக, அந்த நாட்டு அரசியலைப் பிடித்து ஆட்டிய இன்னொரு சரக்கு இருக்கிறது. ஆட்டு ரோமம்! ஒரு மாநிலம் நாட்டைவிட்டே போய்விடுவேன் என்று மிரட்டியதற்கும், ஒரு ஜனாதிபதி தேர்தலில் படுகேவலமாகத் தோற்றதற்கும், 1947இல் ஜெனீவாவில் நடந்த உலக வர்த்தகப் பேச்சுவார்த்தை கிட்டத்தட்ட முறிந்து போனதற்கும் பின்னால் இந்த ரோமம்தான் நிற்கிறது.

நம் பக்கம் கம்பளி என்றால் போர்வையையும் சொல்வோம், அந்த ரோமத்தையும் சொல்வோம். குழப்பம் வேண்டாம். ஆட்டிலிருந்து கத்தரித்ததை ரோமம் என்றும், மில்லில் நெய்து வந்ததைக் கம்பளித் துணி என்றும் வைத்துக்கொள்வோம். இந்தக் கதையின் சிக்கலே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஆடு வளர்ப்பவருக்கு என்ன வேண்டும்? வெளிநாட்டு ரோமம் உள்ளே வரக்கூடாது. அதற்கு வரி போட வேண்டும். மில் முதலாளிக்கு என்ன வேண்டும்? வெளிநாட்டுத் துணி உள்ளே வரக்கூடாது. ஆனால் ரோமம் மட்டும் மலிவாக வர வேண்டும். ஒருவருடைய சரக்கு இன்னொருவருக்கு மூலப்பொருள். அதனால் இருவரும் இயல்பாகவே எதிரிகள். இந்த எதிரிகள் எப்படிக் கூட்டாளிகள் ஆனார்கள், அந்தக் கூட்டுக்கு யார் பணம் கட்டினார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் ஆடு. உலகத்திலேயே மெல்லிய ரோமம் தரும் மெரினோ ஆடுகளை ஸ்பெயின் நீண்ட காலமாக வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. 1808இல் நெப்போலியன் படை ஸ்பெயினுக்குள் புகுந்ததும் அந்தக் கட்டுக்காவல் எல்லாம் சிதறியது. பெரிய மந்தைகள் விற்பனைக்கு வந்தன. அப்போது லிஸ்பனில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் ஜார்விஸ் என்பவர் சந்தர்ப்பத்தை விடவில்லை. ஆயிரக்கணக்கான மெரினோக்களைக் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு ஏற்றி அனுப்பினார். பிறகு தானும் போய் வெர்மாண்ட் மாநிலத்தில் பண்ணை போட்டார். 1840 கணக்குப்படி வெர்மாண்டில் 16 லட்சத்துக்கும் மேல் ஆடுகள். மனிதர்கள் மூன்று லட்சம்கூட இல்லை! ஆளுக்கு ஐந்து ஆடு என்ற கணக்கில் வாழ்ந்த மாநிலம் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடும் என்பதை ஆடுதானே தீர்மானிக்கும்?

அடுத்தது மில். 1812இலிருந்து 1815 வரை பிரிட்டனோடு சண்டை நடந்ததால் பிரிட்டிஷ் துணி வரவில்லை. அந்த இடைவெளியில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் கம்பளி மில்கள் முளைத்தன. சண்டை முடிந்ததும் பிரிட்டிஷ் துணி வெள்ளமாக வந்து இறங்கியது. 1816இல் கம்பளித் துணிக்கு 25 சதவீதம் வரி போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை. 1824இல் துணிக்கான வரியை 33⅓ சதவீதத்துக்கு ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். ஆனால் ஆட்டுக்காரர்களும் சும்மா இருப்பார்களா? அதே சட்டத்தில் ரோமத்துக்கும் படிப்படியாக 30 சதவீதம் ஏறியது. மில்காரருக்கு வலது கையில் கொடுத்ததை இடது கையால் பிடுங்கிய மாதிரி ஆனது. போதாக்குறைக்கு, அதே சமயத்தில் பிரிட்டன் தன் நாட்டில் ரோம இறக்குமதி வரியைப் பவுண்டுக்கு 6 பென்னியிலிருந்து 1 பென்னியாகக் குறைத்துவிட்டது. பிரிட்டிஷ் மில்லுக்கு மலிவு ரோமம், அமெரிக்க மில்லுக்கு விலை ஏறிய ரோமம்.

1827இல் துணிக்குப் பாதுகாப்புக் கேட்டு ஒரு மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையில் ஜெயித்தது. செனட்டில் சரிபாதி ஓட்டு. துணை ஜனாதிபதி கால்ஹூன் எதிராக ஓட்டுப் போட, மசோதா செத்தது. கால்ஹூன் தென் கரோலினாக்காரர். தெற்கே பருத்தி விளைவித்து ஏற்றுமதி செய்கிறவர்கள், வெளியிலிருந்து சாமான் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு எந்த வரியும் ஆகாது.

1828இல் நடந்ததுதான் வேடிக்கை. தெற்கத்தியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். மசோதாவை எதிர்க்காமல், முடிந்தவரை அவலட்சணமாக ஆக்குவோம். ரோமம், சணல், வெல்லப்பாகு என்று மில்காரர்களுக்கும் வடக்கத்திய வியாபாரிகளுக்கும் தேவையான மூலப்பொருள் மேல் எல்லாம் வரியை ஏற்றி வைப்போம். அப்போது நியூ இங்கிலாந்துக்காரர்களே முகம் சுளித்து எதிர்த்து ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்பது கணக்கு. ரோமத்துக்குப் பவுண்டுக்கு 4 சென்ட், அதற்கு மேல் மதிப்பில் 40 சதவீதம், அது போகப் போக 50 ஆகும் என்று எழுதினார்கள். ஆனால் நியூ இங்கிலாந்து உறுப்பினர்களில் போதுமான பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கிவிட்டார்கள்! மசோதா தேறிவிட்டது. 1828 மே 19 அன்று ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் கையெழுத்தும் போட்டார். 'அருவருப்பு வரி' என்று வரலாற்றில் பெயர் வாங்கியது இதுதான். தானே வெட்டிய குழியில் விழுந்த தெற்கு கொதித்தது. 1832 நவம்பரில் தென் கரோலினா, இந்த வரிச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. கட்டாயப்படுத்தினால் பிரிந்து போவோம் என்றது. ஜனாதிபதி ஜாக்சன் படையை அனுப்பத் தயாரானார். 1833இல் வரிகளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் சமரசத்தால் அந்த நெருப்பு அணைந்தது. முழுசாக அணைந்ததா என்பது 1861இல் தெரிந்தது. (அந்தப் போருக்குக் காரணம் அடிமை முறைதான், வரி அல்ல. ஆனால் பிரிந்து போகும் பேச்சை முதலில் பழக்கப்படுத்தியது இந்த வரிச் சண்டை.)

இதுவரை ஆட்டுக்காரரும் மில்காரரும் எதிரெதிர் பக்கம். அடுத்து வருவதுதான் உண்மையான திருப்பம்.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் வருடம், டிசம்பர் மாதம், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்தில் ஒரு கூட்டம். ஒரு பக்கம் கம்பளி மில்காரர் சங்கம். மறுபக்கம் ஆடு வளர்ப்போர் சங்கம். இருவரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். நீ எனக்கு ஓட்டுப் போடு, நான் உனக்கு ஓட்டுப் போடுகிறேன். ரோமத்துக்கும் வரி, துணிக்கும் வரி. இந்த உடன்பாடு அப்படியே 1867 மார்ச் மாதம் சட்டமானது. வணிகவியல் படிப்பவர்கள் இந்தச் சட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த நாற்பத்தைந்து வருடச் சண்டையும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

ரோமத்துக்கு வரி போட்டால் மில்காரருக்குச் செலவு கூடுகிறது. அந்தக் கூடுதல் செலவை ஈடுகட்ட, இறக்குமதியாகும் துணிமேல் எடைக்கு இவ்வளவு என்று ஒரு ஈட்டு வரி. அதற்கு மேலே, உண்மையான பாதுகாப்புக்காக மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இன்னொரு வரி. ஆக, துணிக்கு இரட்டை வரி. ஈட்டு வரியைக் கணக்கிட ஒரு பவுண்டு துணிக்கு எத்தனை பவுண்டு ரோமம் வேண்டும் என்று தெரிய வேண்டும். ஆட்டிலிருந்து கத்தரித்த ரோமத்தில் பிசுக்கு, மண், வியர்வை உப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். கழுவினால் பாதியோ அதற்கு மேலோ எடை போய்விடும். நூற்கும்போதும் நெய்யும்போதும் கொஞ்சம் சேதாரம். அதனால் ஒரு பவுண்டு துணிக்கு நாலு பவுண்டு ரோமம் என்று வைத்துக்கொண்டார்கள். ரோமத்தின் வரி பவுண்டுக்கு ஏறக்குறைய 11½ சென்ட். நாலால் பெருக்கினால் 46. மற்ற மூலப்பொருள் செலவுகளையும் சேர்த்து 50 சென்ட் என்று முடித்தார்கள். இதற்கு மேல் 35 சதவீதம். அந்த 35இல் 25தான் பாதுகாப்பு. மிச்சம் 10, போர்க்காலத்தில் உள்நாட்டு மில்கள்மேல் போட்ட வரிகளுக்கு ஈடு. அடுத்த சில ஆண்டுகளில் அந்த உள்நாட்டு வரிகள் எடுக்கப்பட்டன. 10 சதவீதம் மட்டும் எழுந்து போக மறுத்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது!

சரி, நாலு பவுண்டு என்பது நியாயமான கணக்குத்தானே? அதிகம் பிசுக்குள்ள ரோமத்தில் நெய்த சுத்தக் கம்பளித் துணிக்கு நியாயம்தான். ஆனால் எல்லாத் துணியும் அப்படியா? குறைவாக எடை இழக்கும் ரோமத்துக்கு மூன்றோ அதற்குக் குறைவோ போதும். அதுகூடப் பரவாயில்லை. பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூற்ற சரக்கும் கம்பளி என்ற பெயரில் விற்றது. பருத்தி கலந்து நெய்த துணியும் இருந்தது. இவற்றுக்கு எங்கே நாலு பவுண்டு ரோமம்? எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை காய்கிறது எதற்கு என்று நம் ஊரில் கேட்பார்கள். அங்கே எலிப்புழுக்கையும் எள்ளோடு சேர்ந்து வெயிலில் காய்ந்து, எண்ணெய் விலையும் வாங்கிக்கொண்டது. ஈட்டு வரி என்ற பெயரில் வந்ததெல்லாம் மறைமுகமான கூடுதல் பாதுகாப்பு.

1883இலிருந்து வரிச் சட்டத்தில் ஒவ்வொரு சரக்கு வகைக்கும் ஒரு எழுத்துக் கொடுத்தார்கள். கம்பளிக்குக் கிடைத்த எழுத்து 'கே'. அன்றிலிருந்து அட்டவணை கே என்பது அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு வசைச்சொல் மாதிரி ஆனது.

1887இல் ஜனாதிபதி கிளீவ்லண்ட் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தி முழுவதையும் வரிக்காகவே ஒதுக்கினார். சில ஆடுகள் வைத்திருக்கும் விவசாயிக்கு ரோமத்தில் கிடைக்கும் லாபம், அவர் குடும்பத்துக்கு வாங்கும் உடுப்பிலேயே போய்விடுகிறதே என்பது அவர் வாதங்களில் ஒன்று. அடுத்த வருடமே தேர்தலில் தோற்றார். 1890இல் வரி ஏறியது. கிளீவ்லண்ட் திரும்பி வந்ததும் 1894இல் ரோமத்துக்கு வரியே இல்லை என்றானது. 1897இல் எதிர்க்கட்சி வந்து எல்லாவற்றையும் பழையபடி ஏற்றி வைத்தது. ஊஞ்சல்தான்.

இந்த 1897 சட்டம் எழுதப்பட்ட விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. மில்காரர் சங்கத்தின் செயலாளர் நார்த் என்பவரே செனட் நிதிக் குழுவுக்கு உதவியாளராக உள்ளே உட்கார்ந்திருந்தார். வெளியே மில்காரர் விட்மன். இருவருக்கும் நடுவே ஓடிய கடிதங்கள் பின்னாளில் வெளியே வந்து நாறின. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை.

அந்தச் சட்டத்தில் ஏழையின் துணி எப்படி அடி வாங்கியது என்று பாருங்கள். பவுண்டு 40 சென்ட் மதிப்புள்ள மலிவுத் துணி. அதற்கு எடை வரி 33 சென்ட், அதற்கு மேல் மதிப்பில் 50 சதவீதம், அதாவது 20 சென்ட். மொத்தம் 53. நாற்பது சென்ட் துணிக்கு ஐம்பத்து மூன்று சென்ட் வரி! 132 சதவீதத்துக்கும் மேல். இப்போது பவுண்டு 2 டாலர் மதிப்புள்ள உயர்ந்த துணியை எடுங்கள். எடை வரி 44 சென்ட், 55 சதவீதம் என்றால் 1 டாலர் 10 சென்ட். மொத்தம் 1 டாலர் 54 சென்ட். அது 77 சதவீதம். எடையை வைத்து வரி போட்டால் இதுதான் நடக்கும். மலிவான சரக்கின் தலையில்தான் பாரம் விழும். குளிர்காலத்தில் கோட்டு இல்லாமல் இருக்க முடியாத நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

1909இல் மறுபடி வரித் திருத்தம். ஜனாதிபதி டாஃப்ட், வரியைக் குறைப்போம் என்று ஓட்டு வாங்கி வந்தவர். ஆனால் செனட்டில் ஆல்ட்ரிச் கையில் லகான் இருந்தது. அட்டவணை கே கிட்டத்தட்ட அப்படியே தப்பியது. ஐயோவா மாநிலத்து செனட்டர் டாலிவர், சொந்தக் கட்சியையே எதிர்த்து இந்த அட்டவணையைப் பிரித்து மேய்ந்தார். பெரிய ஆட்டுப் பண்ணை வைத்திருந்த வயோமிங் செனட்டர் வாரனை, ஆபிரகாமுக்குப் பிறகு வந்த மிகப் பெரிய மேய்ப்பர் என்று அவர் கிண்டலடித்தது ரொம்பப் பிரபலம். ஒன்றும் பலிக்கவில்லை. மில்காரர்களுக்குள்ளேயே சண்டை இருந்தது இன்னொரு பக்கம். வரி பிசுக்கோடு சேர்த்த எடைக்கு என்பதால், அதிகம் பிசுக்குள்ள ரோமத்தைப் பயன்படுத்தும் சின்ன மில்கள் நொந்தன. குறைவான பிசுக்குள்ள நீள ரோமத்தை வாங்கும் பெரிய மில்கள் கொழித்தன.

அந்தச் செப்டம்பரில் மினசோட்டா மாநிலத்து வினோனா ஊரில் டாஃப்ட் பேசியது அவருடைய அரசியல் வாழ்க்கைக்கே வினையானது. கம்பளி வரி அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஆட்டுக்காரரும் மில்காரரும் சேர்ந்து நின்றதால் குறைக்க முடியவில்லை என்றார். அதே பேச்சில், தன் கட்சி இதுவரை கொண்டுவந்ததிலேயே இதுதான் சிறந்த வரிச் சட்டம் என்றும் சொன்னார்! இரண்டையும் ஒரே மேடையில் சொன்னால் யார் நம்புவார்கள்? 1911இல் நாடாளுமன்றம் ரோம வரியை 29 சதவீதமாகக் குறைத்து மசோதா அனுப்பியபோது, வரி வாரியத்தின் அறிக்கை வரட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். டிசம்பரில் அறிக்கை வந்தது. வரி மிக அதிகம் என்றுதான் அதுவும் சொன்னது. 1912இல் வந்த அடுத்த மசோதாவையும் டாஃப்ட் திருப்பி அனுப்பினார்.

இத்தனை வருடமும் காப்பு வரிக்காரர்கள் சொன்ன பெரிய வாதம், இது முதலாளிக்காக இல்லை, அமெரிக்கத் தொழிலாளியின் கூலிக்காக என்பது. ஐரோப்பியக் கூலியோடு நம் தொழிலாளி போட்டி போட வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். 1912 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரம் அதற்குப் பதில் சொன்னது.

லாரன்ஸ் முழுக்க மில். அமெரிக்கன் உல்லன் கம்பெனியின் பிரம்மாண்டமான ஆலைகள் அங்கேதான் இருந்தன. பெண்கள், சிறுவர்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 56 மணியிலிருந்து 54 ஆகக் குறைத்து மாநிலம் சட்டம் போட்டது. மில்கள் நேரத்தோடு கூலியையும் குறைத்தன. குறைந்தது வாரத்துக்குச் சுமார் 32 சென்ட். சில ரொட்டிகளின் விலை. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில ரொட்டிகள் போனால் பட்டினி என்ற நிலையில்தான் வரிச்சுவருக்கு உள்ளே இருந்த குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. இத்தாலி, போலந்து, சிரியா, லித்துவேனியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்கள், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாதவர்கள், இருபதாயிரம் பேருக்கு மேல் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள்.

பட்டினியிலிருந்து காப்பாற்ற, வேலைநிறுத்தக்காரர்களின் குழந்தைகளை நியூயார்க்குக்கு ரயிலில் அனுப்பிவைத்தார்கள். அவர்களை அழைத்துப் போனவர்களில் ஒருவர் மார்கரெட் சேங்கர் என்ற செவிலியர். மார்ச் மாதம் நாடாளுமன்றக் குழு முன்னால் அவர் சாட்சி சொன்னார். கடும் குளிரில் வந்த 119 குழந்தைகளில் நாலு பேர்தான் உள்ளாடை போட்டிருந்தார்கள். நாட்டுக்கே கம்பளி நெய்து தரும் ஊரின் பிள்ளைகள் அவர்கள்! அதே விசாரணையில் கமெலா தியோலி என்ற சிறுமியும் வந்து பேசினாள். மில் இயந்திரத்தில் முடி சிக்கி, தலைத்தோல் பிய்ந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜனாதிபதி டாஃப்ட்டின் மனைவியும் உண்டு. சில நாட்களில் கம்பெனி இறங்கி வந்து கூலியை உயர்த்தியது. சிரக்யூஸில் 1865இல் போட்ட மேசையில் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. நெய்கிறவருக்கும் ஒன்று கிடையாது, வாங்கி உடுத்துகிறவருக்கும் ஒன்று கிடையாது. அதை லாரன்ஸைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதாரப் புத்தகமும் காட்டிவிட முடியாது.

அந்த வருட நவம்பர் தேர்தலில், பதவியில் இருந்த டாஃப்ட் இரண்டே இரண்டு மாநிலங்களில்தான் ஜெயித்தார். ஒன்று யூட்டா. இன்னொன்று வெர்மாண்ட். பழைய ஆட்டு மாநிலம் ஒன்று, புதிய ஆட்டு மாநிலம் ஒன்று! கட்சி பிளந்ததுதான் தோல்விக்குப் பெரிய காரணம் என்றாலும், இந்தப் பொருத்தத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

1913 அக்டோபரில் ஜனாதிபதி வில்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் ரோமத்துக்கு வரி இல்லை. துணிக்கு வெறும் 35 சதவீதம். எடை வரி, ஈட்டு வரி, நாலு பவுண்டுக் கணக்கு எல்லாம் போயிற்று. மில்கள் எல்லாம் மூடப் போகின்றன என்று கத்தியவர்கள் சொன்னது சரியா தவறா என்று பார்ப்பதற்குள் 1914இல் உலகப் போர் வந்துவிட்டது. மில்களுக்கு ராணுவ உடுப்புத் தைக்கவே துணி போதவில்லை.

போர் முடிந்து விலை விழுந்ததும் பழைய கூட்டணி திரும்பியது. 1922இல் ரோமத்துக்குப் பவுண்டுக்கு 31 சென்ட். ஒரே ஒரு நல்லது, இந்த முறை பிசுக்கு நீக்கிய சுத்த எடைக்குத்தான் வரி. 1930இல் அது 34 சென்ட் ஆனது. அந்தச் சட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த இருவரில் ஒருவரான செனட்டர் ஸ்மூட் யூட்டாக்காரர். ஆச்சரியம் ஏதும் உண்டா?

இந்த 34 சென்ட்தான் 1947இல் ஜெனீவாவில் போய் இடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, உலக நாடுகள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் இறக்குமதி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்காதான் எல்லோரையும் கூப்பிட்டிருந்தது. ஆஸ்திரேலியா வந்தது. ஆஸ்திரேலியாவிடம் விற்க முக்கியமாக இருந்தது ரோமம். எல்லாவற்றிலும் குறைப்போம், ரோமத்தில் மட்டும் கிடையாது என்றது அமெரிக்கா. அப்படியானால் எங்களிடம் என்ன பேச்சு என்று ஆஸ்திரேலியக் குழுவின் தலைவர் கூம்ப்ஸ் கேட்டார். நியாயமான கேள்வி. கூப்பிட்டவரே இலையில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் விருந்தாளி எழுந்துதான் போவார். பேச்சு நின்றது. அதே நேரத்தில் வாஷிங்டனில் நாடாளுமன்றம் ரோம இறக்குமதியின் மேல் இன்னும் கட்டணம் போட வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றிக்கொண்டிருந்தது!

அமெரிக்கத் தரப்பில் பேச்சை நடத்திய வில் கிளேட்டன் ஜெனீவாவிலிருந்து விமானம் ஏறி வாஷிங்டன் ஓடினார். விவசாயத் துறைச் செயலர் ஆண்டர்சன் மசோதாவில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். வெளியுறவுச் செயலர் மார்ஷல் கிளேட்டன் பக்கம் நின்றார். 1947 ஜூன் 26 அன்று ஜனாதிபதி ட்ரூமன் மசோதாவைத் தள்ளுபடி செய்தார். அதோடு நிற்காமல், ரோம வரியில் கால் பங்கு குறைத்துக்கொள்ளவும் கிளேட்டனுக்கு அனுமதி கொடுத்தார். ஆடுகள் நிறைந்த மேற்கு மாநிலங்களின் ஓட்டு அடுத்த வருடத் தேர்தலில் தேவைப்படும் ஒரு ஜனாதிபதி இதைச் செய்தது லேசான காரியம் இல்லை.

ஆஸ்திரேலியா மேசைக்குத் திரும்பியது. அக்டோபர் 30 அன்று 23 நாடுகள் காட் ஒப்பந்தத்தின் இறுதி ஆவணத்தில் கையெழுத்திட்டன. சுதந்திரம் கிடைத்து மூன்று மாதம்கூட ஆகாத இந்தியாவும், இன்னும் சுதந்திரம் பெறாத இலங்கையும் அதில் இருந்தன. அமெரிக்காவின் வரிப் பட்டியலில் ரோமத்துக்கு எதிரே இருந்த 34 சென்ட், 25½ சென்ட் ஆனது.